மீட்பு வேலைக்கு எந்த மடக்குக் கத்தி? சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாடகைக் கார் ஓட்டுநர்கள், எஸ்டேட் மேஸ்திரிகள், ஞாயிற்றுக்கிழமை பைக்கில் ஏற்காடு ஏறும் பையன்கள் என்று பலருக்கும் முதலுதவி சொல்லித் தருகிறேன். கட்டுப் போடுவது, நெஞ்சை அமுக்குவது எல்லாம் முடிந்து டீ வரும் நேரத்தில் யாராவது ஒருவர் பாக்கெட்டிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்து நீட்டி, "இது சரியா இருக்குமா?" என்பார். அங்கிருந்து கிளம்பும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

சார், ரெஸ்க்யூ நைஃப்னு சொல்றாங்களே, அது சாதா மடக்குக் கத்தியிலேர்ந்து எப்படி வேற?

சாதா மடக்குக் கத்தி பழம் நறுக்க, சாக்குக் கட்டை அவிழ்க்க, அட்டைப் பெட்டி பிரிக்க என்று எல்லாவற்றுக்கும். மீட்புக் கத்திக்கு வேலை குறைவு. ஒருவரை இறுக்கிப் பிடித்திருக்கும் பெல்ட்டையோ கயிற்றையோ துணியையோ அறுக்க வேண்டும், கார்க் கண்ணாடியை உடைக்க வேண்டும், அப்போது மாட்டியிருப்பவர் உடம்பில் கீறல் விழக்கூடாது.

இந்த வேலைக்கு ஏற்றபடிதான் அதன் அமைப்பும் இருக்கும். முனை மொண்ணையாக இருக்கும். ஒரே கையால் திறக்கலாம். திறந்த அலகு தானாக மடங்காமல் பூட்டிக்கொள்ளும். பிடியின் அடியில் கண்ணாடி உடைக்க ஒரு சின்ன கூர்முனை, பலவற்றில் பெல்ட் அறுக்க ஒரு கொக்கி. பிடியின் நிறம் பளிச்சென்று ஆரஞ்சோ மஞ்சளோ சிவப்போ. நம் பையன்களுக்குக் கறுப்பு நிறக் கத்தி மேல்தான் ஆசை. இரவில் சாலையோரப் புல்லில் கை நழுவி விழுந்தால் கறுப்புக் கத்தியைத் தேடி எடுப்பதற்குள் விடிந்துவிடும்.

108-க்குப் போன் பண்ணா வந்துடப் போறாங்க. நமக்கு எதுக்கு இதெல்லாம்?

முதலில் போன்தான், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. தமிழ்நாட்டில் 108 சேவை 2008-இலிருந்து இருக்கிறது. இந்தச் சாலைகளில் அவர்கள் காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். ஆனால் அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். சனி, ஞாயிறு நெரிசலிலோ மூடுபனியிலோ எந்த வண்டியும் நினைத்த வேகத்தில் ஏற முடியாது. போன் செய்யும்போது எத்தனையாவது வளைவு என்று சொல்லுங்கள், சாலையோரப் பலகையில் எண் இருக்கும். ஏறும் சாலை குப்பனூர் வழியா, கோரிமேடு வழியா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அவர்கள் வரும்வரை காத்திருக்கக் கூடாத நிலைமைகள் சிலவே: வண்டியில் தீ அல்லது புகை, வண்டிக்குள் தண்ணீர் ஏறுவது, பெல்ட்டோ துணியோ கழுத்தை இறுக்குவது, ரத்தம் பீறிடும் இடத்துக்குக் கை எட்டாதது. இந்த நேரங்களில் மட்டும் கத்தி வேண்டும். மற்றபடி ஆள் மூச்சு விடுகிறார், பேசுகிறார், ஆபத்து எதுவும் நெருங்கவில்லை என்றால், பெல்ட்டோடு இருந்த இடத்திலேயே இருக்க விடுங்கள். கழுத்தும் முதுகெலும்பும் அடிபட்டிருக்கலாம். இழுத்து வெளியே போடும் ஆர்வத்தால் விபத்தைவிடப் பெரிய கேடு நேர்ந்துவிடும்.

ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும்னா எதை வாங்கட்டும்?

கத்தியை வாங்காதீர்கள். கத்தியைப் பற்றிய பக்கத்தில் இப்படிச் சொல்வது வேடிக்கைதான், ஆனாலும் என் பதில் இதுதான். பெல்ட் அறுக்கும் கொக்கியும் ஸ்பிரிங் வைத்த கண்ணாடி உடைப்பானும் சேர்ந்த சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கொக்கியின் உள்வளைவில் பிளேடு மறைந்திருக்கும். விரல் நுழையாது, பட்டை மட்டும் நுழையும். பதற்றத்தில் கை நடுங்குகிறவர்கூட யாரையும் காயப்படுத்தாமல் அதைப் பயன்படுத்த முடியும்.

அடுத்த இடம் முதலுதவிக் கத்தரிக்கோலுக்கு. ஆம்புலன்ஸ்காரர்கள் வைத்திருப்பார்களே, வாய் வளைந்து, கீழ்நுனி தட்டையாக இருக்கும், அதேதான். சேலையையும் ஜீன்ஸையும் தோலைத் தொடாமல் வெட்ட அதற்கு ஈடு கிடையாது. மூன்றாவதாக வருவதுதான் மடக்குக் கத்தி. கயிறு, வலை, தார்ப்பாய், சாக்கு, ரப்பர் டியூப் என்று மற்ற இரண்டும் திணறும் இடங்களுக்கு அது வேண்டும்.

முனை கூரா இருந்தாதானே சார் கத்தி? மொட்டையா இருந்தா எதுக்கு உதவும்?

இந்த வேலைக்கு மொண்ணை முனைதான் உதவும். நசுங்கிய காருக்குள் ஒருவர் வலியில் கையைக் காலை உதறிக்கொண்டிருப்பார். அவர் வயிற்றுக்கும் பெல்ட்டுக்கும் இடையே ஒரு விரல் இடைவெளிகூட இருக்காது. அங்கே கூர்முனையை நுழைத்தால் யார் எப்போது அசைவார் என்று சொல்ல முடியாது. அலகின் முதுகு நுனிவரை வந்து, வாய்ப் பக்கமாகக் கீழே வளைந்து இறங்கும் வடிவத்தைத் தேடுங்கள்; ஆட்டுக் குளம்பை நினைத்துக்கொண்டால் கடையில் அடையாளம் தெரிந்துவிடும். மொண்ணை நுனியை உடம்போடு ஒட்டித் தள்ளி, அலகைத் துணிக்கு அடியில் நுழைத்து, வெளிப்பக்கமாக அறுக்கலாம்.

கையில் ஏற்கெனவே நல்ல கூர்முனைக் கத்தி இருக்கிறது, புதிதாக வாங்க மனமில்லை என்றால், நுனியில் சில மில்லிமீட்டரைக் கல்லில் தேய்த்து உருட்டிவிடுங்கள். மெதுவாக, தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். ஏன் தண்ணீர் என்பது சாணை பற்றிய கேள்வியில் வருகிறது.

பல்லு வச்ச அலகா, பல்லு இல்லாத அலகா?

மீட்புக்கென்றே தனியாக வைக்கப் போகிறீர்கள் என்றால் பல் வைத்தது. நைலான் கயிறும் சீட் பெல்ட் பட்டையும் வழுக்கும் நூலால் ஆனவை. பற்கள் நூலைப் பிடித்துக்கொண்டு அறுக்கும். கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் வேலை நடக்கும். தினமும் கீரைக்கட்டுக் கயிற்றிலிருந்து மாம்பழம் வரை எல்லாவற்றுக்கும் அதே கத்தி என்றால் பல் இல்லாதது. அதை நீங்களே வீட்டில் தீட்டிக்கொள்ளலாம்.

பாதி பல், பாதி வழவழப்பு என்று ஒரு வகை வருகிறது. எனக்கு அதில் பெரிய மதிப்பில்லை. ஏழெட்டு சென்டிமீட்டர் அலகை இரண்டாகப் பங்கு போட்டால் இரண்டு பக்கமும் போதாமல் போகிறது.

எந்த லாக் நம்பிக்கையானது?

முதலில் எது கூடாது என்று சொல்லிவிடுகிறேன். பூட்டே இல்லாமல் ஸ்பிரிங் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் பழைய பேனாக்கத்தி கூடாது. பெல்ட்டுக்குள் மாட்டிய அலகைப் பின்னால் இழுக்கும்போது அது உங்கள் விரல்மேலேயே மடங்கும்.

கடைகளில் அதிகம் கிடைப்பது லைனர் லாக். பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியில் முட்டுக் கொடுக்கும். நன்றாகச் செய்ததென்றால் போதுமானது. மட்டமாகச் செய்ததில் தகடு வழுக்கும். பேக் லாக்கில் பிடியின் முதுகில் ஒரு நெம்புகோல் இருக்கும். அதை அமுக்கினால்தான் மடங்கும். வலுவானது, இரு கைக்காரருக்கும் பொருந்தும், ஆனால் மடிக்க ஒரு கை போதாது. அலகுக்குக் குறுக்கே ஒரு கம்பி விழுந்து பூட்டும் வகையும் உண்டு. விலை கூடுதல், பயன்பாடு மிகச் சுலபம்.

எதுவாக இருந்தாலும் வாங்குமுன் ஒரு சோதனை: கத்தியைத் திறந்து பூட்டுங்கள். விரல்கள் அலகின் பாதைக்கு வெளியே இருக்கட்டும். அலகின் முதுகை மேசை விளிம்பில் லேசாக நாலைந்து முறை தட்டுங்கள். பூட்டு விலகினால் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பலமாக அடிக்காதீர்கள், அதில் நல்ல பூட்டும் கெட்டுப்போகும்.

நான் இடது கை பழக்கம், ஏதாவது பாக்கணுமா?

லைனர் லாக்கின் தகடு வலது கைக் கட்டைவிரலுக்காகச் செய்தது. உங்களுக்கு பேக் லாக்கோ குறுக்குக் கம்பிப் பூட்டோ நல்லது. அலகைத் தள்ளித் திறக்கும் கட்டைவிரல் குமிழ் இரு பக்கமும் இருக்கிறதா, பாக்கெட் கிளிப்பை மாற்றி மாட்ட முடியுமா என்றும் பாருங்கள்.

வலது கைக்காரர்களும் இடது கையால் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். விபத்தில் அடிபடுவது உங்கள் வலது கையாகவே இருக்கலாம். கையை ஈரமாக்கிக்கொண்டு திறந்து பாருங்கள். பைக் ஓட்டுபவர்கள் கையுறையோடு பாருங்கள். அலகில் ஒரு பெரிய ஓட்டை வைத்து, அதில் கட்டைவிரலை மாட்டித் திறக்கும் மாதிரிகள் கையுறைக்கு நன்றாக ஒத்துவருகின்றன.

கடைக்காரர் "சேலம் ஸ்டீலுங்க, துருவே பிடிக்காது"ங்கறார். வாங்கலாமா?

சேலம் உருக்காலை துருப்பிடிக்காத தகடுகளுக்குப் பெயர் பெற்றது, சந்தேகமில்லை. ஆனால் துருப்பிடிக்காதது எல்லாம் கத்திக்கு ஆகாது. நல்ல எவர்சில்வர் தட்டும் டம்ளரும் 304 என்ற வகை: குரோமியம் ஏறத்தாழ 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். அதைச் சூடாக்கிக் குளிரவைத்துக் கடினப்படுத்த முடியாது. அதில் கத்தி செய்தால் பார்க்கப் பளபளக்கும், நாலு கயிறு அறுத்ததும் வாய் மடங்கிவிடும். கத்திக்கு வேண்டியது கார்பன் போதுமான அளவு இருந்து, வெப்பப் பதம் பிடிக்கும் வகை, 420 போன்றவை.

காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. காந்தம் ஒட்டவே இல்லை என்றால் அது 304 குடும்பம், வேண்டாம். ஒட்டினால் நல்ல கத்தி என்று முடிவு கட்டவும் கூடாது, ஏனென்றால் பதம் பிடிக்காத 430 வகையும் காந்தத்தில் ஒட்டும். எந்த வகை ஸ்டீல், எத்தனை ராக்வெல் (இரும்பின் கடினத்தை அளக்கும் எண்) என்று அலகிலோ பெட்டியிலோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மடக்குக் கத்திக்கு 55 முதல் 60 வரை சரி.

ஆன்லைன்ல பார்த்தா 8சிஆர், டி2, 14சி28என்னு என்னென்னமோ போட்டிருக்கு. தலை சுத்துது.

தலை சுற்ற வேண்டாம், மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். 8சிஆர்13எம்ஓவி என்பது மலிவான சீனக் கத்திகளில் வருவது. தீட்டச் சுலபம், துருவைச் சுமாராகத் தாங்கும். டி2 கூர்மையை நெடுநாள் காக்கும், ஆனால் முழுத் துருப்பிடிக்காத இரும்பு இல்லை. ஏற்காட்டு மழைக்காலத்தில் துடைக்காமல் வைத்தால் புள்ளி புள்ளியாகத் துரு வரும். 14சி28என் சுவீடன் இரும்பு, ஈரத்தை நன்றாகத் தாங்கும். மலையில் குடியிருப்பவர்களுக்கும் எஸ்டேட்டில் வேலை செய்பவர்களுக்கும் நான் சொல்வது இதைத்தான்.

மீட்புக் கத்தியை ஆண்டு முழுக்க அறுக்கப் போவதில்லை, அது வண்டியில் சும்மாதான் கிடக்கும். அதனால் கூர்மை எத்தனை நாள் நிற்கும் என்பதைவிடத் துருப்பிடிக்காமல் இருக்குமா என்பதே பெரிய விஷயம்.

கண்ணாடி உடைக்கிற முனை நிஜமாவே உடைக்குமா? ஹெட்ரெஸ்டைப் பிடுங்கி உடைக்கலாம்னு வீடியோவுல காட்டறாங்களே?

பக்கக் கண்ணாடியை உடைக்கும். அது டஃபன்டு கண்ணாடி. மிகக் கடினமான சின்ன முனை ஒரு புள்ளியில் அழுத்தினால் மொத்தமும் பொடிப்பொடியாகும். அந்த முனை டங்ஸ்டன் கார்பைடாக இருக்க வேண்டும். சாதா இரும்பைக் கூராக்கி வைத்திருந்தால் வழுக்கும். அடிக்கும் இடம் மூலை, சட்டத்துக்குப் பக்கம். நடுவில் அடித்தால் கண்ணாடி அதிர்ந்து தாங்கிக்கொள்ளும். ஆளிடமிருந்து தள்ளி இருக்கும் கண்ணாடியைத் தேர்ந்தெடுங்கள், கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஹெட்ரெஸ்ட் அதற்காகச் செய்ததில்லை. வேறு எதுவுமே இல்லாதபோது முயன்று பார்க்கலாம், அவ்வளவுதான். ஏரியிலோ சாலையோரக் கிணற்றிலோ விழுந்த காருக்குள் கையை வீசி அடிக்க இடமும் இருக்காது, தண்ணீர் வேகத்தையும் குறைத்துவிடும். வைத்து அமுக்கினால் தானே குத்தும் ஸ்பிரிங் வகை தண்ணீருக்குள்ளும் வேலை செய்யும். அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2019-இல் இத்தகைய கருவிகளைச் சோதித்தபோதும் சுத்தியல் வகையைவிட ஸ்பிரிங் வகையே மேல் என்று தெரிந்தது. தண்ணீரில் விழுந்த உடனேயே பெல்ட்டைக் கழற்றி ஜன்னலை இறக்குங்கள். கதவைத் தள்ளிப் போராடாதீர்கள், வெளியே இருக்கும் தண்ணீரின் அழுத்தம் விடாது.

சன் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி உடைந்தாலும் உதிராது, படுதாவாகத் தொங்கும். உள்ளே தள்ளாமல் வெளிப்பக்கம் பிடுங்கி எடுக்க வேண்டியிருக்கும்.

முன் கண்ணாடியை அதே முனையில உடைச்சு ஆளை எடுத்துடலாமா?

முடியாது. முன் கண்ணாடி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது. குத்தினால் சிலந்தி வலையாக விரியும், ஓட்டை விழாது. ஏஏஏ சோதனையில் ஒரு கருவிகூட அந்த வகைக் கண்ணாடியை உடைக்கவில்லை. சில புதிய கார்களில் பக்கக் கண்ணாடியும் இந்த வகையாகவே வருகிறது. உங்கள் காரில் எது என்று கண்ணாடி மூலையில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

அதை வெட்ட ரம்பம் வேண்டும். விக்டோரினாக்ஸ் கம்பெனியின் ரெஸ்க்யூ டூல் என்ற மடக்குக் கருவியில் அதற்கென்றே ஒரு ரம்பம், பெல்ட் கொக்கி, கண்ணாடி உடைப்பான், ஒற்றைக் கையால் திறக்கும் அலகு எல்லாம் சேர்ந்து வருகின்றன. பிடி இருட்டில் ஒளிரும். தன்னார்வ மீட்புக் குழுவில் இருப்பவருக்கு நல்ல முதலீடு. வீட்டுக் காருக்கு அவ்வளவு செலவு வேண்டியதில்லை என்பது என் எண்ணம். பின் கண்ணாடி பெரும்பாலும் டஃபன்டுதான், அந்த வழியாகப் போகலாம்.

பெல்ட்டை எந்த இடத்துல வெட்டணும்?

முதலில் பக்கிளை அமுக்குங்கள். விபத்தைப் பார்த்த படபடப்பில் அது திறக்குமா என்று பார்க்காமலேயே கத்தியை எடுக்கிறவர்கள் உண்டு. திறக்காவிட்டால் மார்புக்குக் குறுக்கே வரும் பட்டையைத் தோளுக்கு மேலே ஒரு வெட்டு, மடிமேல் போகும் பட்டையை இடுப்புப் பக்கவாட்டில் ஒரு வெட்டு. ஒரே வெட்டோடு நின்றால் மீதிப் பட்டை கையிலோ கழுத்திலோ சுற்றிக்கொள்ளும்.

ஒரு கையால் பட்டையை விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். கொக்கியைப் பட்டையின் ஓரத்தில் மாட்டி, கொஞ்சம் சாய்த்து, ஒரே இழுப்பு. கத்தியானால் அலகின் வாய் எப்போதும் ஆளுக்கு எதிர்ப்பக்கம். கதவுத் தூணுக்குள்ளோ கூரை ஓரத்துக்குள்ளோ கத்தியை விடாதீர்கள். பக்கவாட்டு ஏர்பேக்கின் வாயுக் குழாயும், பெல்ட்டை இறுக்கும் சின்ன வெடிமருந்து அமைப்பும் அங்கே இருக்கலாம்.

வண்டி தலைகீழா கவிழ்ந்து ஆள் பெல்ட்டுல தொங்கறார். அப்பவும் அதே மாதிரியா?

இல்லை. அந்த பெல்ட்தான் அவரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அறுத்த நொடியில் முழு உடம்பும் கழுத்தின் மேல் இறங்கும். முதலில் ஒருவர் உள்ளே நுழைந்து தோளையும் இடுப்பையும் தாங்க வேண்டும். தொங்குபவருக்கு நினைவிருந்தால் ஒரு கையைக் கூரையில் ஊன்றச் சொல்லுங்கள். பிறகு மடிப் பட்டை கடைசி என்று வைத்துக்கொண்டு அறுங்கள். இதுவும் இரண்டாம் கேள்வியில் சொன்ன அவசரம் இருந்தால் மட்டுமே. இல்லையென்றால் தாங்கிப் பிடித்தபடி தீயணைப்புத் துறை வரும்வரை இருங்கள். எண் 101, அல்லது 112.

பைக் பின்னாடி உக்காந்த பொண்ணோட துப்பட்டா சக்கரத்துல சிக்கிடுச்சு. எங்க வெட்டணும்?

கார் விபத்தைவிட நம் ஊரில் அதிகம் நடப்பது இதுதான். கத்தி வைத்திருப்பவர் யாரும் இதை நினைத்து வாங்குவதில்லை. வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, யாராவது ஒருவர் சக்கரம் நகராமல் பிடிக்க வேண்டும். சக்கரத்தைப் பின்னால் சுற்றித் துணியை எடுக்கப் பார்க்காதீர்கள், இன்னும் இறுகலாம். கழுத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே விறைத்து நிற்கும் துணியைச் சக்கரத்துக்குப் பக்கமாக, கழுத்திலிருந்து தள்ளி அறுங்கள். கத்தரிக்கோல் எட்டும் இடமானால் அதுவே மேல். கழுத்துச் சுற்று அதன் பிறகும் தளரவில்லை என்றால் அங்கே விரலை உள்ளே விட்டு, விரலுக்கு வெளிப்பக்கம் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். சேலை முந்தானைக்கும் இதே முறைதான்.

ஹெல்மெட் பட்டையை வெட்டிடலாமா அண்ணா?

மூச்சுத் திணறல், வாந்தி, நெஞ்சை அமுக்க வேண்டிய நிலை இருந்தால்தான் ஹெல்மெட்டைத் தொட வேண்டும். அப்போது பட்டையைத் தாராளமாக வெட்டலாம். கழற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கீழிருந்து தாடையையும் பிடரியையும் அசையாமல் தாங்க, இன்னொருவர் மெல்ல உருவ வேண்டும். ஒருவரே இழுத்துக் கழற்றும் காட்சியைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

எஸ்டேட்டுல மிளகு பறிக்க மரம் ஏறுனவர் கயித்துல சிக்கித் தொங்கறாரு. கத்தி இருந்தா அறுத்து விட்டுடலாமா?

மிளகுக் கொடி படரும் சில்வர் ஓக் மரங்கள் எவ்வளவு உயரம் என்று உங்களுக்கே தெரியும். பாரம் தாங்கி விறைத்து நிற்கும் கயிறு, கத்தி பட்டவுடனே அறுந்துவிடும். மெதுவாக அறுத்து இறக்கலாம் என்ற நினைப்பே வேண்டாம். கீழே ஏணி வைத்து ஆளைத் தாங்கி, கயிறு தளர்ந்த பிறகுதான் அறுக்க வேண்டும். கழுத்தில் சுற்றியிருந்தால் தாங்கிப் பிடிப்பது இன்னும் அவசரம், அறுப்பது அதற்கு அடுத்துதான்.

இளம்பிள்ளையில தறி வச்சிருக்கோம். துணியோ முடியோ சிக்கினா வெட்டறதுக்கு ஒண்ணு மாட்டி வைக்கலாமா?

நல்ல யோசனை. மெயின் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள், அப்போதுதான் முதலில் கை சுவிட்சுக்குப் போகும். கரண்ட்டை நிறுத்தாமல் ஓடும் தறிக்குள் கத்தியை நீட்டினால் இரண்டு பேரை எடுக்க வேண்டி வரும். இங்கே மடக்குக் கத்தியைவிடக் கத்தரிக்கோல்தான் பொருத்தம்.

தம்பி, பாம்பு கடிச்சா அந்த இடத்தைக் கீறி ரத்தத்தை வெளியேத்தணும்பாங்களே, அதுக்குக் கத்தி ஆகுமா?

கீறவே கூடாதுங்க. விஷம் அப்படி வெளியே வராது. காயம் பெரிதாகி ரத்தம்தான் நிற்காமல் போகும். கண்ணாடி விரியன் கடித்தவருக்கு ரத்தம் உறையும் தன்மையே கெட்டுப்போகும் என்பதால் கீறல் அவருக்கு இரட்டை ஆபத்து. கயிறு போட்டு இறுக்கவும் வேண்டாம். கடித்த கையிலோ காலிலோ உள்ள மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றி, ஆட்டாமல் அசைக்காமல், விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

வழியில் பிரசவம் ஆனால் தொப்புள் கொடியை வெட்டலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்போடு சேர்த்துப் போர்த்திவிட்டு 108-க்குக் காத்திருங்கள். அவர்கள் சுத்தமான கருவியோடு வருவார்கள். உடம்பில் குத்தி நிற்கும் கம்பியையும் கண்ணாடியையும் பிடுங்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

அறுந்து விழுந்த கரண்ட் கம்பி, எலெக்ட்ரிக் கார் வயர் இதெல்லாம் வெட்டலாமா? பிடி பிளாஸ்டிக்தானே?

எந்த மடக்குக் கத்தியாலும் வெட்டக் கூடாது. பிளாஸ்டிக் பிடிக்குள்ளும் இரும்புத் தகடு ஓடுகிறது, திருகாணிகள் வெளியே தெரிகின்றன. மின்சாரக் காரில் ஆரஞ்சு நிற வயர்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. அவற்றுக்குப் பக்கத்தில் கத்தி போகவே கூடாது.

தெருவுல சாணை பிடிக்கறவர்கிட்ட குடுக்கலாமா?

அரிவாள்மனைக்குக் கொடுங்கள், மீட்புக் கத்தியைக் கொடுக்காதீர்கள். காய்ந்த சக்கரத்தில் பொறி பறக்கத் தேய்க்கும்போது மெல்லிய வாய் கொதித்துப் பதம் போய்விடும். ஓரம் நீலம் பாய்ந்திருந்தால் பதம் போனது உறுதி. மேலே நுனியை உருட்டும்போது தண்ணீர் விடச் சொன்னது இதற்காகத்தான். வீட்டில் நீர் ஊற்றிய கல்லில் பக்கத்துக்கு ஏறத்தாழ 20 பாகை சாய்வில் தீட்டினால் போதும். பல் வைத்த அலகுக்கு உருண்டையான வைரத்தூள் கம்பி வேண்டும். ஒவ்வொரு பள்ளமாக, சரிவு இருக்கும் பக்கம் மட்டும். கொக்கிக்குள் இருக்கும் பிளேடைத் தீட்ட முடியாது, மழுங்கினால் மாற்ற வேண்டும்.

பழைய பெல்ட் பட்டை மெக்கானிக் கடையில் கிடைக்கும். துண்டு ஒன்று வாங்கி அறுத்துப் பாருங்கள். மூட்டில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய், கூடவே மணல் இருந்தால் துடைத்துவிடுங்கள்.

கார்ல எங்க வைக்கறது? டேஷ்போர்டுக்குள்ள போட்டு வச்சிருக்கேன்.

டேஷ்போர்டு நசுங்கினால் திறக்காது, டிக்கி இன்னும் மோசம். பெல்ட் மாட்டிய நிலையில், கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் எட்டும் இடம் எது என்று பாருங்கள். கொக்கிக் கருவிக்கு சீட்டுகளுக்கு நடுவே உள்ள இடம் நன்றாக இருக்கும்; வெல்க்ரோ வைத்து ஒட்டிவிடுங்கள். ஒட்டாமல் விட்டால் மோதலில் பறக்கும். கத்தி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும். சின்னப் பிள்ளைகள் பின்சீட்டில் இருந்தால் இரண்டும் அவர்கள் கைக்கு எட்டக் கூடாது.

போலீஸ் பிடிச்சா கேஸ் ஆகுமா சார்?

ஆயுதச் சட்டம் 1959-இன் கீழ் வந்த 2016 விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன; வீட்டு வேலை, விவசாயம், தொழில் போன்றவற்றுக்கானவற்றுக்கு விலக்கு. ஏழெட்டு சென்டிமீட்டர் மொண்ணைக் கத்தி அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் பட்டனைத் தட்டினால் பாய்ந்து திறக்கும் வகையை வாங்காதீர்கள். டெல்லி போன்ற இடங்களில் அவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது, நமக்கும் அதனால் லாபம் ஒன்றுமில்லை.

சட்டம் ஒருபுறம், இடம் பொருள் ஏவல் ஒருபுறம். சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டத்திலும், கோர்ட்டிலும், கலெக்டர் ஆபீசிலும் பாக்கெட்டில் கத்தியோடு நின்றால் கேள்வி வரத்தான் செய்யும். அங்கே போகும் நாளில் வண்டியிலேயே விட்டுவிடுங்கள். சோதனையில் கேட்டால் முதலுதவிப் பையைத் திறந்து காட்டுங்கள். கத்தரிக்கோல், கட்டுத்துணி, கையுறையோடு கிடக்கும் ஆரஞ்சுக் கத்தி தன் கதையைத் தானே சொல்லும்.

கண்ணாடியை உடைச்சு, பெல்ட்டை வெட்டி ஆளை எடுத்தேன். அவருக்கு ஏதாவது ஆயிட்டா என்மேல வழக்கு வருமா?

நல்லெண்ணத்தோடு, கைம்மாறு எதிர்பார்க்காமல் உதவியவர்மேல் அதனால் நேர்ந்த காயத்துக்காகவோ இறப்புக்காகவோ சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவு சொல்கிறது. பெயர், முகவரி தரும்படி உங்களைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. அதற்கு முன்பே, 2016-இல் உச்ச நீதிமன்றம் இதற்கான வழிகாட்டு நெறிகளை உறுதி செய்திருந்தது.

மருத்துவமனையில் பணம் கேட்பார்களோ என்ற பயமும் வேண்டாம். முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து நடக்கிறது. அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் உண்டு.

காமலாபுரம் ஏர்போர்ட்டுல ஃப்ளைட் ஏறறப்போ எடுத்துட்டுப் போகலாமா?

கைப்பையில் கூடாது, கொக்கிக் கருவியும் கூடாது. செக்-இன் பெட்டிக்குள் போட்டு அனுப்பலாம். மறந்து பாக்கெட்டிலேயே வைத்திருந்தால் பாதுகாப்புச் சோதனையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், திரும்பக் கிடைக்காது. வழியனுப்ப வந்தவரிடம் வாசலிலேயே கொடுத்துவிடுங்கள்.